நெற் வருகுதில்லை என்றால் முதலில் எங்கே பார்ப்பது?

போன கிழமை யாழ்ப்பாணத்தில் ஸ்டான்லி வீதிப் பக்கம் ஒரு சின்னக் கந்தோருக்குப் போயிருந்தேன். பதினான்கு கணினிகள், இரண்டு பிரிண்டர்கள், அலுமாரிக்கு மேல் ஒரு ரவுட்டர். காலை ஒன்பதரைக்குக் கணக்குப் பகுதி மிஸ் "நெற் வருகுதில்லை" என்று சொல்ல, அங்கே வேலை செய்யும் ஒரு தம்பி உதவுகிற மனத்தோடு ஓடிப்போய் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றித் திரும்பப் போட்டார். மிஸ்ஸுக்கு அப்போதும் வரவில்லை. மற்றப் பதின்மூன்று பேருக்கும் மூன்று நான்கு நிமிடம் எல்லாம் நின்றுபோனது, அதில் ஒருவர் சம்பளப் பட்டியலை வங்கித் தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தவர், அவர் முதலில் இருந்து திரும்பவும் ஏற்ற வேண்டியதாயிற்று. காரணத்தைத் தேடிப் பார்த்தால், காலையில் தும்புத்தடியால் மேசைக்குக் கீழே கூட்டியபோது மிஸ்ஸின் கணினிக்குப் பின்னால் இருந்த வயர் கொஞ்சம் வெளியே வந்திருந்தது. அழுத்திவிட்டோம், 'டிக்' என்று பிடித்தது, வேலை முடிந்தது.

ரவுட்டரை நிறுத்திப் போடுவது சில வேளை சரிவரும், அதனால்தான் அந்தப் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அப்படிச் சரிவந்தால் ஏன் சரிவந்தது என்று தெரியாது, நாளைக்கும் அதே பிரச்சினை வரும். எது எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிக்க கணினிப் படிப்பு தேவையில்லை, உங்கள் கணினியிலிருந்து இணையம் வரைக்கும் உள்ள பாதை மனத்தில் இருந்தால் போதும். யுத்த காலத்தில் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் நம்முடையது. சத்தம் வராவிட்டால் டைனமோவில் தொடங்கி வயர் வயராகத் தொட்டுப் பார்த்துத்தான் அன்றைக்குக் கண்டுபிடித்தார்கள், இதுவும் அதே வேலைதான்.

பாதையை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கந்தோர் ஒரு வளவு. வளவுக்குள் பல வீடுகள், அவைதான் கணினிகள், பிரிண்டர்கள், எல்லோருடைய போன்களும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் உண்டு, அதைத்தான் ஐபி முகவரி என்கிறோம். வீடுகளுக்கு இடையில் உள்ள நடைபாதை, வயர்களும் அவை எல்லாம் வந்து சேரும் 'சுவிட்ச்' என்ற பெட்டியும். (லைட் போடும் சுவிட்ச் இல்லை, வரிசையாக ஐந்தோ எட்டோ இருபத்து நாலோ ஓட்டைகள் உள்ள பெட்டி.) வளவை விட்டு வெளியே போக ஒரே ஒரு படலை, அதுதான் ரவுட்டர். 'கேட்வே' என்று கணினி காட்டுவது இந்தப் படலையின் இலக்கத்தை. படலைக்கு வெளியே ஒழுங்கை, பிறகு பெரிய வீதி, பிறகு கொழும்பு, பிறகு உலகம். கடைசியாக ஒன்று: போக வேண்டிய ஆளின் பெயர் தெரியும், வீடு எது என்று தெரியாது என்றால் நாங்கள் சந்திக் கடையில் கேட்போம் அல்லவா, அந்தக் கடைக்காரரின் வேலையைச் செய்வதற்குப் பெயர் டிஎன்எஸ்.

இவ்வளவும் விளங்கினால் மிச்சம் எல்லாம் விசாரணைதான். கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

எதையும் தொட முதல் பக்கத்து மேசையில் கேளுங்கள்: "உங்களுக்கு வருகுதா அக்கா?" இந்த ஒரு கேள்வி பாதி வேலையை முடித்துவிடும். உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் பிரச்சினை உங்கள் கணினியிலோ உங்கள் வயரிலோ இருக்கிறது, ரவுட்டரைத் தொட வேண்டாம். ஒரு அறையில் உள்ள நாலு பேருக்கு மட்டும் என்றால் அந்த அறைக்கான சுவிட்சைப் போய்ப் பாருங்கள். எல்லோருக்கும் என்றால் படலை அல்லது வெளியே உள்ள லைன். பிறகு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: வராதது எது? "நெற் இல்லை" என்று ஒருவர் சொல்வார், போய்ப் பார்த்தால் ஒரே ஒரு இணையத்தளம்தான் திறக்கவில்லை, மற்றதெல்லாம் ஓடுகிறது. இன்னொருவருக்கு இணையம் நன்றாக வரும், கந்தோர் சேர்வரில் (எல்லோருக்கும் பொதுவான கோப்புகளை வைத்திருக்கும் கணினி) உள்ள கோப்புகள் மட்டும் வராது. வெளியே போக முடிகிறது, உள்ளே பக்கத்து வீட்டுக்குப் போக முடியவில்லை என்றால் படலையில் பிழை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இனி வயர். கணினியில் வயர் போய்ச் செருகும் இடத்தில் சின்ன லைட் ஒன்றோ இரண்டோ இருக்கும், மறுமுனையில் சுவிட்சிலும் இருக்கும். இரண்டு பக்கமும் லைட் எரியவில்லை என்றால் கணினிக்குள் எந்த செட்டிங்கை மாற்றியும் பலன் இல்லை, ஏனென்றால் நடைபாதையே இல்லை. செருகியின் மேல் உள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருந்தால் வயர் பார்வைக்குச் செருகியபடி இருக்கும், மேசையை ஆட்டினால் விட்டுவிடும். கிளிப் உடைந்த வயரை ஒட்டி வைத்து மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள், தலையை மாற்ற அதிக செலவாகாது. வேறு வயரைப் போட்டுப் பாருங்கள், அதுவும் இல்லை என்றால் சுவிட்சில் வேறு ஓட்டையில் செருகிப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகை இடி மின்னலுக்குப் பிறகு சுவிட்ச் முழுவதும் நன்றாக இருக்க, ஒன்றிரண்டு ஓட்டைகள் மட்டும் செத்துப்போயிருப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

வயருக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன, நாலு சோடி. பழைய 100 மெகாபிட் வேகத்துக்கு அதில் நாலு கம்பி போதும், 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஆகவே எலி கடித்தோ கதவில் நசுங்கியோ ஒரு கம்பி அறுந்தால், முழுவதும் நிற்காமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக இறங்கிவிடுவது உண்டு. "வேலை செய்யுது, ஆனால் சரியான ஸ்லோ" என்று ஒரே ஒரு ஆள் முறையிட்டால் நெட்வேர்க் செட்டிங்கில் லிங்க் வேகத்தை (கணினிக்கும் சுவிட்சுக்கும் இடையிலான வேகம்) பாருங்கள். மற்றவர்களுக்கு 1000, அவருக்கு 100 என்றால் பெரும்பாலும் வயர்தான். ஒரு வயர் 100 மீட்டருக்கு மேல் ஓடக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். பின் வளவில் புதிதாகக் கட்டிய அறைக்கு முன் கட்டடத்திலிருந்து சுற்றிச் சுற்றி வயர் இழுத்த இடங்களில் இது நடக்கிறது.

வைபை என்றால் லைட்டுக்குப் பதில் வேறு சோதனை. முதலில் எந்த வைபையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள், நேற்று மாலை உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்த மடிக்கணினி இன்றைக்கும் அதைத் தேடிக்கொண்டு நிற்கும். பிறகு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே வருகிறது, மேசையில் வரவில்லை என்றால் தூரமும் சுவரும்தான் காரணம். நல்லூர்ப் பக்கம் பழைய கல்வீடுகளைக் கந்தோராக எடுத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், அந்தச் சுவர்களின் தடிப்புக்கு, வைபை பாவிக்கும் அலைகளில் 5 கிகாஹேர்ட்ஸ் அலை இரண்டாவது அறையைக்கூடத் தாண்டாது. 2.4 கிகாஹேர்ட்ஸ் தாண்டும், ஆனால் அதில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் (அலைவரிசைகள்) 1, 6, 11 என்ற மூன்றுதான்.

லைட் எரிகிறது, வைபை இணைந்திருக்கிறது, ஆனாலும் ஒன்றும் வரவில்லை. இப்போது வீட்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் பொத்தானை அமத்தி சி, எம், டி என்று மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்தால் 'கமாண்ட் புரொம்ப்ட்' என்று ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், நாங்கள் அங்கே கேள்விதான் கேட்கப் போகிறோம், எதையும் அழிக்கப் போவதில்லை. அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்தையும் இடைவெளி விடாமல் அடித்து என்டரைத் தட்டுங்கள், இந்தக் கட்டளையை ஐபிகான்பிக் என்பார்கள். வருகிற வரிகளில் ஐபிவி4 முகவரி, டிபோல்ட் கேட்வே என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் நல்லது, இவை வளவுக்குள் பாவிப்பதற்கென்றே ஒதுக்கிய இலக்கங்கள். 169.254 என்று தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். இலக்கம் கொடுக்கும் வேலை வழக்கமாக ரவுட்டருக்குள் இருக்கும் டிஎச்சிபி என்ற சேவையுடையது. உங்கள் கணினி எழும்பியதும் "எனக்கு ஓர் இலக்கம் தாங்கோ" என்று வளவு முழுக்கக் கூப்பிடும், பதில் சொல்ல ஒருவரும் இல்லை என்றால் கடைசியில் தானாகவே 169.254 இல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு படலையைத் தாண்ட முடியாது. ஆகவே 169.254 என்பது ஒரு தெளிவான சாட்சி: கூப்பிட்டது ரவுட்டருக்குக் கேட்கவில்லை, அல்லது ரவுட்டரிடம் கொடுக்க இலக்கம் மிச்சமில்லை.

இரண்டாவது காரணம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பட்டறை வைத்தார்கள், நாற்பது பேர் வந்தார்கள், எல்லோரும் போனையும் மடிக்கணினியையும் வைபையில் போட்டார்கள். மதியத்துக்குப் பிறகு அங்கே வேலை செய்பவர்களின் கணினிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. சாதாரண வளவில் மொத்தம் 254 இலக்கங்கள் இருக்கலாம், ஆனால் அந்த ரவுட்டரில் கடைசிப் பகுதி 100 தொடக்கம் 199 வரையான இலக்கங்களைத்தான் கொடுக்கும்படி வைத்திருந்தார்கள், அதுவும் ஒருமுறை கொடுத்தால் ஒரு நாள் வரைக்கும் அந்த ஆளுக்கே. வந்துபோன எல்லோருடைய போன்களும் இலக்கங்களைப் பிடித்து வைத்திருந்தன. விருந்தாளிகளுக்குத் தனி வைபை வைத்து, இலக்கத்தை ஒரு மணித்தியாலத்துக்கு மட்டும் கொடுக்கும்படி மாற்றியதும் பிரச்சினை போய்விட்டது.

இதைவிட ஆளைச் சுத்தவிடும் இன்னொன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு இல்லை. காலையில் வந்தவருக்கு மதியம் வரவில்லை, வராதவர் கணினியை நிறுத்திப் போட்டால் வருகிறது. எல்லோரும் லைன் தந்த கம்பனியைத் திட்டுவார்கள். இப்படி இருந்தால் நன்றாக வரும் ஒரு கணினியிலும் வராத ஒரு கணினியிலும் ஐபிகான்பிக் அடித்து கேட்வேயை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் 192.168.1.1, மற்றதில் 192.168.0.1 என்று வந்தால் வளவுக்குள் யாரோ இரண்டாவது படலை வைத்திருக்கிறார்கள். நான் கண்ட இடத்தில், மேல்மாடியில் வைபை குறைவு என்று ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து நல்லெண்ணத்தோடு சுவரில் செருகியிருந்தார். அதற்குள்ளும் டிஎச்சிபி இருக்கிறது தானே, கூப்பிட்ட ஆட்களுக்கெல்லாம் தன் பாட்டில் இலக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. யாருக்கு எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன்படி அவருடைய நாள் அமைந்தது. அந்தப் பெட்டியைக் கழற்றியதும் எல்லாம் ஓய்ந்தது. பழைய ரவுட்டரை வைபைக்காக மட்டும் பாவிக்கலாம், ஆனால் அதற்குள் டிஎச்சிபியை நிறுத்தி, வேறு இலக்கம் கொடுத்து, அதன் 'லான்' என்று எழுதிய ஓட்டையில்தான் வயரைச் செருக வேண்டும்.

அதேபோல ஒரே இலக்கம் இரண்டு வீட்டுக்குப் போவதும் உண்டு. பிரிண்டருக்கு யாரோ கையால் 192.168.1.120 என்று போட்டிருப்பார்கள், ரவுட்டர் அதை அறியாமல் இன்னொருவருடைய மடிக்கணினிக்கும் 120 ஐக் கொடுத்துவிடும். பிரிண்டர் விட்டுவிட்டு வேலை செய்யும். கையால் போடும் இலக்கங்களை ரவுட்டர் கொடுக்கும் வரிசைக்கு வெளியே வையுங்கள்.

இலக்கம் சரியாக இருக்கிறதா? அப்படியானால் பிங். அதே கறுப்பு ஜன்னலில் பி, ஐ, என், ஜி அடித்து இடைவெளி விட்டு ஓர் இலக்கத்தை அடித்தால், உங்கள் கணினி அந்த வீட்டுக் கதவைத் தட்டி "இருக்கிறீங்களோ?" என்று நாலு தரம் கேட்கும். 1983 டிசம்பரில் அமெரிக்காவில் மைக் மூஸ் என்பவர் ஒரு வலையமைப்புக் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் இதை எழுதினார், நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலி மோதித் திரும்பும் சத்தத்திலிருந்து பெயரை எடுத்தார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் கணினிக்காரர் முதலில் எடுக்கும் கருவி இதுதான்.

முதலில் கேட்வே இலக்கத்தைத் தட்டுங்கள். வயரில் இருந்தால் ஒரு மில்லிசெக்கனுக்குள் பதில் வர வேண்டும், வைபையில் சில மில்லிசெக்கன். பதில் வந்தால் வளவுக்குள் உங்கள் பாதை சரி. வராவிட்டால் என்ன வருகிறது என்று வாசியுங்கள், இரண்டு விதமான மறுப்பு உண்டு. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்ற பதில் உங்கள் சொந்த இலக்கத்திலிருந்தே வந்தால், அந்த இலக்கத்தில் வளவுக்குள் ஒருவரையும் காணவில்லை என்று அர்த்தம். 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்றால் தட்டியாயிற்று, பதில் திரும்பி வரவில்லை. ஒரு கவனம்: பக்கத்து மேசை விண்டோஸ் கணினியைப் பிங் பண்ணிப் பதில் வராவிட்டால் உடனே அதில் பிழை என்று சொல்லிவிடாதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது சாதாரணம். ரவுட்டரையும் பிரிண்டரையும் தட்டிப் பார்ப்பதுதான் நம்பகமானது.

படலை பதில் சொன்னால் அடுத்து வெளியே, 8.8.8.8 ஐத் தட்டுங்கள். இது கூகுளின் டிஎன்எஸ் இலக்கம், ஞாபகம் வைக்க இலகு என்பதால் எல்லோரும் இதைப் பாவிக்கிறார்கள். இதற்குப் பதில் வந்தால் இணையம் உங்கள் கணினி வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் இணையத்தளம் திறக்கவில்லை என்றால் சந்திக் கடைக்காரரில்தான் சந்தேகம். பிங் என்று அடித்து இலக்கத்துக்குப் பதிலாகக் கூகுளின் முகவரியைப் பெயரில் (கூகுள் டொட் கொம் என்று ஆங்கிலத்தில்) கொடுத்துப் பாருங்கள், 'குட் நொட் ஃபைன்ட் ஹோஸ்ட்' என்று சொன்னால் டிஎன்எஸ்தான். பிங் வந்த அதே 1983 இல்தான் டிஎன்எஸ்ஸையும் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். அதற்கு முதல் எல்லாக் கணினிகளின் பெயரும் இலக்கமும் ஒரே ஒரு பட்டியலில் இருந்தன, எல்லோரும் அதை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் பிழைத்தால் ஐபிகான்பிக் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோட்டோடு (கேள்விக்குறி உள்ள பொத்தானில் இருப்பது) ஃபிளஷ்டிஎன்எஸ் என்பதை, எஃப், எல், யூ, எஸ், எச், டி, என், எஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் கணினி ஞாபகத்தில் வைத்திருந்த பழைய விலாசங்களை மறந்துவிடும். அதுவும் சரிவராவிட்டால் டிஎன்எஸ் இலக்கத்தைக் கையால் மாற்றலாம், ஆனால் இதில் அவசரப்பட வேண்டாம். கந்தோரில் எல்லோரும் சேர்வர் கணக்கில் லொகின் பண்ணும் டொமைன் முறை இருந்தால், அந்தச் சேர்வரின் பெயர் உள்ளூர்க் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் 8.8.8.8 ஐப் போட்டால் இணையம் வரும், சேர்வரும் கோப்புகளும் காணாமல் போகும்.

8.8.8.8 பதில் சொல்லவில்லை, எல்லோருக்கும் அதே நிலை என்றால் இப்போதுதான் ரவுட்டரின் முறை. ஃபைபர் லைன் (கண்ணாடி இழை வழியாக ஒளியில் வரும் லைன்) என்றால் பெட்டியில் எல் ஓ எஸ் என்று எழுதிய லைட்டைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை, வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது, தென்னோலை விழுந்திருக்கலாம், ஒழுங்கைக்குள் வந்த லொறி இழுத்திருக்கலாம். பத்துத் தரம் நிறுத்திப் போட்டாலும் அது வராது, கம்பனிக்குத்தான் அழைக்க வேண்டும். சிவப்பு இல்லை என்றால் ஒருமுறை நிறுத்தி, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள், எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கரண்ட் போய் வந்த அன்று வரும் பிரச்சினைகள் தனி. கணினிகளுக்கெல்லாம் யூபிஎஸ் வாங்கியிருப்பார்கள், ரவுட்டரும் சுவிட்சும் நேரே சுவர்ப் பிளக்கில் இருக்கும், ஆகவே கரண்ட் போனதும் கணினிகள் ஓடும், நெற் இருக்காது. முதலில் யூபிஎஸ் கொடுக்க வேண்டியது அந்த இரண்டுக்கும்தான், அவை இழுக்கும் மின்சாரமும் மிகக் குறைவு. பழைய கணினி ஒன்று கரண்ட் வந்ததும் எழும்பி, எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் மூலையில் உள்ள திகதியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் காசளவு பற்றரி, சி ஆர் 2032, செத்திருந்தால் வருடம் பின்னுக்குப் போயிருக்கும், திகதி பிழைத்தால் தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ்களைக் கணினி நம்பாது. பற்றரியை மாற்றினால் சரி.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். சுவிட்சில் உள்ள எல்லா லைட்டும் ஒன்றாக, பைத்தியம் பிடித்ததுபோல அடித்துக்கொண்டிருக்க, கந்தோர் முழுக்க நின்றுபோயிருந்தால், யாரோ ஒரு வயரின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டார்கள். துப்புரவாக்கும்போது தொங்கிய வயரைக் கண்டு, "இது கழண்டு கிடக்குது" என்று செருகுவதால் வருவது. போன செய்தி திரும்பி வந்து, திரும்பத் திரும்பச் சுற்றிப் பெருகி எல்லோரையும் மூடிவிடும், மலிவான சுவிட்சுகளுக்கு இதைத் தடுக்கத் தெரியாது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் லைட்டுகள் அமைதியாகின்றனவோ அதுதான்.

இவ்வளவும் பார்த்தும் முடியாவிட்டால் தெரிந்த ஒருவருக்குப் போன் பண்ணுங்கள், ஆனால் "நெற் வருகுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எனக்கு மட்டும்தான் அண்ணா, லைட் எரியுது, முகவரி 192.168.1.34, கேட்வே பதில் சொல்லுது, 8.8.8.8 சொல்லுதில்லை" என்று சொல்லுங்கள். கொக்குவிலில் இருந்து மோட்டர் சைக்கிளில் வர வேண்டியவர் போனிலேயே முடித்துவிடுவார். வேலை சரிவந்த அன்று பத்து நிமிடம் ஒதுக்கி ஒவ்வொரு வயரின் இரண்டு முனையிலும் ஒரே இலக்கத்தை ஒட்டுங்கள், ரவுட்டர், பிரிண்டர், சேர்வர் முகவரிகளை ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஸ்டான்லி வீதிக் கந்தோரில் அந்தத் தாளை எழுதி ஒட்டியவர் கணக்குப் பகுதி மிஸ்தான்.